நெட் சென்டர் கணினிக்கு பயர்பாக்ஸ்: எந்த நீட்சி போடலாம், எதை உள்ளேயே மாற்றலாம்?

#1 கடைக்காரன்
வணக்கம். சின்ன ஊரில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். மூன்று கணினி, மூன்றிலும் 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. இத்தனை நாள் குரோம்தான். அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி (எக்ஸ்டென்ஷன்) அணைந்துபோன பிறகு, வருகிறவர்கள் எல்லாரும் பச்சையாக மின்னும் 'டவுன்லோட்' விளம்பரத்தை அமுக்குகிறார்கள், நான் ஓடி ஓடி மூடுகிறேன். அதனால் பயர்பாக்ஸுக்கு மாறிவிட்டேன். நிறுவியது நிறுவியபடி இருக்கிறது.

விளம்பரம் போக வேண்டும். ஒரே தளத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் லாகின் செய்ய வேண்டும். தமிழ் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது, பெரியவர்கள் திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு படிக்கிறார்கள். டேப் பத்தைத் தாண்டினால் கணினி மூச்சு வாங்குகிறது. வீடியோ போடுகிறவர்கள் ஆளுக்கு 25 எக்ஸ்டென்ஷன் சொல்கிறார்கள். 4 ஜிபி தாங்குமா?

#2 சும்மா_வந்தேன்
தாங்காது.

#3 பழையநரி
25 எதற்கு? உங்கள் கடைக்கு இரண்டு போதும். மீதி உள்ளேயே இருக்கிறது, கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் நீட்சி, நீங்கள் தொலைத்த அதே யுபிளாக் ஆரிஜின். குரோமில் அது ஏன் போனது என்று தெரிந்துகொண்டால் பயர்பாக்ஸில் ஏன் ஓடுகிறது என்பதும் புரியும். பழைய முறையில் பக்கம் கேட்கும் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் நீட்சி வாசலில் நின்று பார்க்கும், வேண்டாததை அங்கேயே திருப்பி அனுப்பும். மேனிஃபெஸ்ட் 3 என்று குரோம் நீட்சிகளுக்குக் கொண்டுவந்த புது முறையில் அந்த வாட்ச்மேன் வேலை கிடையாது. 'யாரை விடக்கூடாது என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறது உலாவி. பட்டியலுக்கும் அளவு உண்டு. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஓடுவதுதான் யுபிளாக் ஆரிஜின் லைட். பயர்பாக்ஸ் புது முறையையும் ஏற்றுக்கொண்டது, வாசலில் நிற்கும் உரிமையையும் எடுக்கவில்லை.

நிறுவியதும் அதன் அமைப்பில் வடிகட்டிப் பட்டியல்கள் பக்கம் போங்கள். நாடு, மொழி வாரியான பகுதியில் இந்தியன்லிஸ்ட் என்று ஒன்று இருக்கும். டிக் செய்யுங்கள். நம் மொழித் தளங்களின் விளம்பரம் அதில்தான் நிறைய அடங்கும். அப்படியும் ஏதாவது பெட்டி மிஞ்சி நின்றால், யுபிளாக் சின்னத்தைத் திறந்தால் சொட்டு மருந்துக் குழாய் போல ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி அந்தப் பெட்டியைத் தொட்டு, 'கிரியேட்' கொடுத்தால் அது இனி வராது.

இரண்டாவது, மல்டி அக்கவுண்ட் கண்டெய்னர்ஸ். மொசில்லாவே தருவது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனிக் குக்கீ டப்பா (குக்கீ என்றால் யார் லாகின் ஆனார் என்று தளம் உலாவியில் எழுதி வைக்கும் குறிப்பு). 'ஆள் 1' நீலம், 'ஆள் 2' பச்சை என்று வைத்துக்கொண்டால் ஒரே தளத்தில் மூன்று பேர் லாகின் ஆகலாம், டேப்பின் நிறத்தைப் பார்த்தே யாருடையது என்று தெரியும். பிரைவேட் விண்டோ இரண்டு திறந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எத்தனை பிரைவேட் விண்டோ திறந்தாலும் அவற்றுக்குள் குக்கீ டப்பா ஒன்றுதான், இரண்டாவது ஆள் நுழைந்தால் முதல் ஆள் வெளியே.

ஒன்றை மறக்காதீர்கள். கண்டெய்னர் தானாக எதையும் அழிக்காது. அடுத்தவர் லாகின் உங்கள் கடைக் கணினியில் தங்கக் கூடாது என்றால், வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்து, அந்தக் கண்டெய்னரையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நீக்கினால் அதன் குக்கீகளும் சேர்ந்து போய்விடும்.

#4 தட்டச்சு_அக்கா
தமிழ் எழுத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி. பல வருடம் தட்டச்சு, பிழை திருத்தம். கண் போனதே இதில்தான்.

அமைப்புகளில் எழுத்துரு என்ற பகுதியில் 'மேம்பட்டவை' என்ற பொத்தான் இருக்கும். திறந்தால் மேலே எந்த எழுத்து முறைக்கு என்று ஒரு பட்டியல். அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தைத் தொடாமல் தமிழுக்கு மட்டும் எழுத்துரு, அளவு, குறைந்தபட்ச அளவு எல்லாம் வைக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து லதா இருந்தால் மாற்றி நிர்மலா போடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவினால் இன்னும் நல்லது, ஒற்றுப் புள்ளி தெளிவாகத் தெரியும். குறைந்தபட்ச அளவு 17 வையுங்கள்.

இதைச் செய்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். காரணம் பக்கத்தில் இருக்கிறது. 'இது தமிழ்ப் பக்கம்' என்று பக்கத்தின் நிரலில் எழுதியிருந்தால்தான் பயர்பாக்ஸ் தமிழ் அமைப்பை எடுக்கும். நம் தளங்கள் பலவற்றில் மொழி ஆங்கிலம் என்றே போட்டிருக்கும், அல்லது ஒன்றுமே போட்டிருக்காது. அதனால் அதே பட்டியலில் லத்தீனுக்கும் (ஆங்கில எழுத்து) குறைந்தபட்ச அளவு வைத்துவிடுங்கள். சில தளங்களில் மெனு கொஞ்சம் நெளியும். நெளியட்டும்.

நீளமான செய்தி படிக்க எஃப்9. விளம்பரம், பக்கவாட்டுச் சாமான் எல்லாம் விலகி எழுத்து மட்டும் நிற்கும். கடைக்கு இன்னொன்று: பிரிண்ட் கொடுக்கும்போது வடிவம் என்ற இடத்தில் 'எளிமையானது' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் டோனர் மிச்சம்.

ஒரு காலத்தில் தமிழ்விசை என்று ஒரு நீட்சி இருந்தது, உலாவிக்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கலாம். பத்மா என்று இன்னொன்று, அந்தந்தத் தளத்தின் பழைய எழுத்துருவை ஒருங்குறியாக (யூனிகோடு) மாற்றிக் காட்டும். அது இல்லாவிட்டால் பாதிச் செய்தித் தளங்கள் எனக்கு வெறும் கிறுக்கல்தான்.

#5 ரெண்டுங்கெட்டான்
அக்கா பத்மான்னு சொன்னதும் வயிறு எரியுது. 57ஆம் பதிப்பு வந்த அன்னைக்கே பயர்பாக்ஸ் முடிஞ்சுபோச்சு. ஸ்க்ராப்புக், டேப் மிக்ஸ் பிளஸ், ஃபயர்எஃப்டிபி எல்லாத்தையும் ஒரே நாள்ல கொன்னாங்க. இப்ப என்னத்த கஸ்டமைஸ் பண்றது, கலர் மாத்தறதா?

#6 பழையநரி
2017 நவம்பர் 14. எனக்கும் அந்தத் தேதி மறக்காது, அன்று என்னிடம் இருந்த பதினொன்றில் எட்டு போனது.

ஆனால் கொன்றது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நீட்சிக்கு வீட்டில் போகாத அறையே கிடையாது. உலாவியின் எந்த உறுப்பையும் பிடித்துத் திருகலாம், அதனால்தான் டேப் மிக்ஸ் பிளஸ் போன்ற ஒன்று எழுத முடிந்தது. அதே காரணத்தால் உலாவியில் ஓர் ஆணியை மாற்றினால் நூறு நீட்சி உடையும். பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரிக்க நினைத்தபோது, எல்லாம் ஒரே இடத்தில் ஓடும் என்று நம்பி எழுதிய நீட்சிகள் குறுக்கே நின்றன. கெட்ட எண்ணத்தோடு எழுதியவனுக்கும் அதே சாவிதான். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாற்று வசதிகளைத் தயார் செய்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

தோற்றத்தை மாற்ற ஒரு பின்வாசல் மிச்சம் இருக்கிறது. புரொஃபைல் கோப்புறையில் (உங்கள் அமைப்பு, புக்மார்க் எல்லாம் இருக்கும் இடம்) 'குரோம்' என்று ஓர் உறை (கூகுளின் குரோமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உலாவியின் சட்டகத்துக்கே அந்தக் காலத்துப் பெயர் அது), அதற்குள் யூசர்குரோம்.சிஎஸ்எஸ் என்று ஒரு கோப்பு. தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் தெரிந்தால் டேப் பட்டையை மறைக்கலாம், வலது சொடுக்கு மெனுவில் வேண்டாத வரிகளை நீக்கலாம். 2019இல் வந்த 69ஆம் பதிப்பிலிருந்து அதை இயல்பாகப் படிப்பதில்லை, அபவுட்:கான்ஃபிக்கில் (முகவரிப் பட்டையில் அடித்தால் திறக்கும் உள் அமைப்புப் பக்கம்) 'லெகசியூசர்புரொஃபைல்' என்று தேடி வரும் ஒரே வரியை இயக்கினால்தான் படிக்கும். அதையும் சில பதிப்புக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்கணினிக்கு வேண்டாம்.

#7 ரெண்டுங்கெட்டான்
2019 மே மாசம், நீட்சிகளைச் சரிபார்க்கற மொசில்லாவோட சான்றிதழ் காலாவதின்னு உலகத்துல இருக்கற எல்லாருக்கும் எல்லா நீட்சியும் ஒரே ராத்திரில அணைஞ்சுதே, அதையும் எழுதுங்க.

#8 பழையநரி
எழுதியாகிவிட்டது, நீங்களே. அன்று கைகால் உடைந்து உட்கார்ந்திருந்தவர்கள் 25 போட்டவர்கள்தான்.

#9 இரவுப்பறவை
கடைக்காரன் ப்ரோ, இவங்க பழங்கதை பேசட்டும். பொதுக் கணினின்னா முதல்ல பிரைவசி. என்னோட யூசர்.ஜேஎஸ் கோப்பை தனிமடல்ல அனுப்பியிருக்கேன். புரொஃபைல் கோப்புறைக்குள்ள போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, 150க்கு மேல செட்டிங் தானா மாறும். ஒண்ணொண்ணா அபவுட்:கான்ஃபிக்ல தேட வேண்டாம். ட்ராக்கிங் க்ளீன் ஆயிடும்.

#10 கடைக்காரன்
யுபிளாக், கண்டெய்னர், அக்கா சொன்ன எழுத்துரு எல்லாம் மூன்றிலும் ஆயிற்று. ஒரு தாத்தா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். இரவுப்பறவை தம்பியின் கோப்பையும் மூன்றிலும் போட்டேன். எல்லாருக்கும் நன்றி.

டேப் கனத்துக்கு மட்டும் வழி சொல்லுங்கள். 'டேப் சஸ்பெண்டர்' வகை நீட்சி ஒன்று போடலாம் என்று பார்க்கிறேன்.

#11 பழையநரி
போடாதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் கதை தெரியுமா? குரோமில் லட்சக்கணக்கானோர் வைத்திருந்த நல்ல நீட்சி. எழுதியவர் 2020இல் யாருக்கோ விற்றார். வாங்கியவர் யார் என்பதே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் தீநிரல் என்று சொல்லி கூகுள் அதை நீக்கியது. ஸ்டைலிஷுக்கும் அதே வழி: பக்கங்களுக்கு அலங்காரம் செய்யும் நீட்சி, கை மாறிய பிறகு, பார்க்கும் முகவரிகளையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது 2018இல் வெளியே வந்தது. 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை அணுகும்' என்று நிறுவும்போது ஒரு வரி காட்டுகிறதே, எல்லாரும் படிக்காமல் சரி சொல்கிற அந்த வரிதான் விற்பனைச் சரக்கு. இன்று நல்லவர் எழுதியது நாளை யார் கையில் என்று யார் கண்டார்?

உங்களுக்கு நீட்சியே வேண்டாம். புதிய பதிப்புகளில் டேப்பை வலது சொடுக்கினால் 'அன்லோட்' என்று வரும். டேப் இருக்கும், நினைவகம் விடுபடும், மறுபடி தொட்டால் திறக்கும். நினைவகம் குறைந்தால் விண்டோஸில் தானாகவும் செய்யும். எந்த டேப் தின்கிறது என்று பார்க்க முகவரிப் பட்டையில் அபவுட்:ப்ராசசஸ் அடியுங்கள் (ஆங்கிலத்தில், நடுவில் முக்காற்புள்ளி, இடைவெளி கூடாது). பக்கத்திலேயே மூடும் பொத்தானும் உண்டு.

ஆமாம், அந்த யூசர்.ஜேஎஸ்ஸில் என்னென்ன இருக்கிறது என்று படித்தீர்களா?

#12 கடைக்காரன்
இல்லை அண்ணா.

#13 கடைக்காரன் (இரவு 11:21)
அவசரம். ஒரு பெண் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறார், இன்று கடைசி நாள். போட்டோ ஏற்றினால் முன்னோட்டத்தில் முகம் இல்லை, கலர் கலராகக் கோடு! கையெழுத்தை ஏற்றினாலும் கோடு. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. வேறு போட்டோ, வேறு கணினி, எல்லாம் அதே கதி. நீட்சிகளை அணைத்துத் திறக்கும் ட்ரபிள்ஷூட் முறையிலும் அப்படியே. அந்தப் பெண் அழுகிற நிலைமையில் இருக்கிறார்.

#14 சும்மா_வந்தேன் (இரவு 11:24)
காரணம் அப்புறம் தேடலாம். அவங்க போன்லயே தளத்தைத் திறந்து ஏத்துங்க. இப்பவே.

#15 கடைக்காரன் (இரவு 11:49)
ஏறிவிட்டது. பணமும் கட்டியாகிவிட்டது. கை நடுங்குகிறது. நன்றி.

#16 பழையநரி
இப்போதுதான் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி. கடைக் கணினியில் வாட்ஸ்ஆப் வெப் திறந்து பாருங்கள், செய்தி வந்த நேரம் சரியாக இருக்கிறதா?

#17 கடைக்காரன்
அட! ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. விண்டோஸ் கடிகாரம் சரி. இரண்டு நாளாக ஒரு வாடிக்கையாளர் 'நான் மதியம் அனுப்பினேன்' என்கிறார், நான் 'இல்லை, காலையில் வந்திருக்கிறது' என்று சண்டை போட்டிருக்கிறேன்.

#18 பழையநரி
அப்படியானால் திருடன் அகப்பட்டான். ப்ரைவசி.ரெசிஸ்ட்ஃபிங்கர்ப்ரின்டிங். அந்தக் கோப்பு அதை இயக்கியிருக்கிறது.

அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் உலாவிக்காரர்களிடமிருந்து பயர்பாக்ஸுக்கு வந்த வசதி அது. குக்கீ இல்லாமலே ஒரு கணினியை அடையாளம் காணப் பல வழி உண்டு. நேர மண்டலம், திரை அளவு, மொழி, எழுத்துருக்கள், இப்படி. எல்லாரையும் ஒரே முகமாகக் காட்டினால் யாரையும் அடையாளம் காண முடியாது என்பது இதன் கணக்கு. அதனால் தளங்களிடம் உங்கள் நேரத்தை கிரீன்விச் நேரமாகச் சொல்லும். நாம் 5:30 முன்னால் இருக்கிறோம், கழிந்துபோனது அதுதான்.

போட்டோ ஏன் கோடானது? விண்ணப்பத் தளங்கள் பல, படத்தைச் சர்வருக்கு அனுப்பும் முன் உங்கள் உலாவியிலேயே சுருக்கும். கேன்வாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பலகையில் வரைந்து, வரைந்ததைத் திரும்ப வாசித்து எடுக்கும். கண்காணிப்பு நிறுவனங்களும் அதே பலகையில் ஏதாவது கிறுக்கி, திரும்ப வாசித்து, உங்கள் கணினி வரையும் விதத்தை ரேகை போலப் பயன்படுத்துகின்றன. வாசிப்பது நல்லவனா கெட்டவனா என்று உலாவிக்குத் தெரியாது, எல்லாருக்கும் குப்பையைத் திருப்பிக் கொடுக்கிறது. தளத்தின் மேலும் பிழை இல்லை. முகவரிப் பட்டையின் இடப்பக்கம் சின்னதாக ஒரு படச் சின்னம் வந்திருக்கும், அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் முகம் வந்திருக்கும். இரவு பதினொன்றரைக்கு யார் அதைப் பார்ப்பார்கள்?

#19 கடைக்காரன்
யூசர்.ஜேஎஸ்ஸை அழித்துவிட்டு மூன்று கணினியையும் மறுபடி தொடங்கினேன். இன்னும் கோடுதான் வருகிறது!

#20 பழையநரி
வரும். அந்தக் கோப்பு வெறும் தபால்காரர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் இருப்பதை ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் என்ற பேரேட்டில் உலாவி எழுதிக்கொள்ளும். தபால்காரரை அனுப்பிவிட்டால் பேரேட்டில் ஏறியது அழியாது. ட்ரபிள்ஷூட் முறையிலும் மாறாததற்கு அதுதான் காரணம், அது நீட்சிகளைத்தான் ஒதுக்கும், இந்த அமைப்புகளைத் தொடாது.

அபவுட்:கான்ஃபிக் போங்கள். எச்சரிக்கை வரும், சரி கொடுங்கள். (முன்பெல்லாம் 'உத்தரவாதம் ரத்தாகலாம்' என்று மிரட்டுவார்கள். இலவச மென்பொருளுக்கு என்ன உத்தரவாதமோ.) மாற்றியவற்றை மட்டும் காட்டும்படி மேலே ஒரு டிக் இருக்கிறது. எத்தனை வரி வருகிறது என்று சொல்லுங்கள்.

#21 கடைக்காரன்
எண்ண முடியவில்லை. பக்கம் பக்கமாகப் போகிறது.

#22 பழையநரி
அதில் பாதி உலாவி தானாக எழுதியது. எது உங்களுடையது, எது தம்பியுடையது என்று பிரிக்க உட்காராதீர்கள். அபவுட்:புரொஃபைல்ஸ் திறந்து புதிய புரொஃபைல் போடுங்கள், அதை இயல்பாக்குங்கள். புக்மார்க்கை மட்டும் பழையதிலிருந்து ஏற்றுமதி செய்து கொண்டுவாருங்கள். யுபிளாக், கண்டெய்னர், எழுத்துரு. பத்து நிமிட வேலை.

#23 இரவுப்பறவை
சாரி ப்ரோ. ஆனா என் லேப்டாப்ல ரெண்டு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடுது.

#24 பழையநரி
உங்கள் லேப்டாப்பில் தினமும் எத்தனை பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஏற்றுகிறார்கள்?

கோபமாகச் சொல்லவில்லை தம்பி, உங்களுக்கு அந்தக் கோப்பு சரியாகவே இருக்கலாம். நீங்கள் அதை வரிவரியாகப் படித்தவர், உடைந்தால் எங்கே உடைந்தது என்று தெரியும். அவர் படிக்காதவர். அவருக்கு அமைப்புகளில் கண்காணிப்புத் தடுப்புக்கு இருக்கும் 'ஸ்ட்ரிக்ட்' நிலை போதும். ஏதாவது தளம் உடைந்தால் முகவரிக்கு அருகில் உள்ள கேடயத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்கலாம்.

#25 ஏழாம்_ஜன்னல்
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் கடையில் இன்னும் விண்டோஸ் 7. டேப்பைப் பக்கவாட்டில் செங்குத்தாக வைக்கும் வசதி எனக்கு வரவே இல்லையே?

#26 பழையநரி
வராது. விண்டோஸ் 7க்கு பயர்பாக்ஸ் 115ஆம் பதிப்புதான் கடைசி, அதன் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு மட்டும். செங்குத்து டேப் 136இல் வந்தது. ட்ரீ ஸ்டைல் டேப் நீட்சி போட்டுப் பாருங்கள். முடிந்தால் கணினியை மாற்றுங்கள், அடுத்தவர் பாஸ்வேர்டு அடிக்கிற இடம் அது.

#27 தட்டச்சு_அக்கா
தம்பி புதிதாகப் போடுவதால் எனக்குப் பிடித்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது சொல்லைத் தேடுங்கள். வரும் முகவரியைப் புக்மார்க் செய்து, அதைத் திருத்துங்கள். முகவரியில் அந்தச் சொல் இருக்கும் இடத்தில் சதவீதக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எஸ்ஸும் போடுங்கள். கீழே குறிச்சொல் என்ற கட்டத்தில் 'வி' என்று வையுங்கள். இனி முகவரிப் பட்டையில் 'வி காவிரி' என்று அடித்தால் நேராகக் காவிரிக் கட்டுரை. நான் அகராதிக்கு 'அ' வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது அடிப்பேன். இதற்கு எந்த நீட்சியும் வேண்டாம்.

அதே பட்டையில் சதவீதக் குறி போட்டு இடைவெளி விட்டுத் தேடினால் திறந்திருக்கும் டேப்களில் மட்டும் தேடும். நட்சத்திரக் குறி போட்டால் புக்மார்க்கில்.

#28 ரெண்டுங்கெட்டான்
அக்கா இது எனக்கே தெரியாது. 2006லேர்ந்து வெச்சிருக்கேன்.

#29 கடைக்காரன்
புதிய புரொஃபைல் மூன்றிலும் ஆயிற்று. போட்டோவில் முகம் வருகிறது, நேரம் சரி. சண்டை போட்ட வாடிக்கையாளருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொரு சந்தேகம். சில தளங்களில் வங்கிக் கணக்கு எண்ணை இரண்டாம் முறை பேஸ்ட் செய்ய விடுவதில்லை. அபவுட்:கான்ஃபிக்கில் கிளிப்போர்டுஈவன்ட்ஸ் என்ற வரியை அணைத்தால் விடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

#30 பழையநரி
உண்மை. ஆனால் உங்கள் கடையில் செய்யாதீர்கள். முதல் கட்டத்தில் ஒரு இலக்கம் தப்பாக அடித்து, அதையே நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டினால் இரண்டும் பொருந்தும், பணம் வேறு யாருக்கோ போகும். இரண்டு முறை அடிக்க வைப்பதே அதற்காகத்தான். தவிர அதை அணைத்தால் ஆன்லைன் ஆவணங்களில் காப்பி, பேஸ்ட் குழம்பும்.

வலது சொடுக்கைத் தடுக்கும் தளங்களுக்கு மட்டும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது சொடுக்குங்கள். எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை.

#31 கடைக்காரன்
மூன்று வாரம் ஆயிற்று. ஒரே தொல்லைதான் மிச்சம். வேலை முடித்துக் கடைசி டேப்பை மூடினால் விண்டோவே மூடிக்கொள்கிறது. 'கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சு' என்று வந்து நிற்கிறார்கள்.

#32 சும்மா_வந்தேன்
அபவுட்:கான்ஃபிக்ல 'லாஸ்ட்டேப்'னு தேடுங்க, க்ளோஸ்விண்டோவித்லாஸ்ட்டேப்னு ஒண்ணு வரும். ட்ரூவை ஃபால்ஸ் ஆக்குங்க.

#33 கடைக்காரன்
வேலை செய்கிறது. தேதி போட்டு, எதை மாற்றினேன் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். இதுவரை நான்கு வரி.